பலகையை நம்பிய குட்டை

சொர்ணக்கிளியின் பண்ணைக்குட்டை எழுந்து நடந்துபோனது தை மாதத்து உச்சிவெயிலில், அவள் மிளகாய்ச் செடிகளுக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டு அடுத்த குடம் மோக்கத் திரும்பி வந்தபோது. வற்றிவிட்டது, கரை உடைந்து ஓடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலு கரையும், கரையில் முளைத்திருந்த அருகம்புல்லும், புல்லுக்குள் கிடந்த தவளைகளும், முன்னொரு நாள் அவள் கைநழுவி உள்ளே போன பித்தளைச் செம்பும் அப்படியப்படியே இருக்க, ஒரு சொட்டு சிந்தாமல், குட்டை முழுசாகக் கிளம்பி, வரப்பு தாண்டி, கருவேலங்காடு தாண்டி, மேற்கே பார்த்துப் போனது. அது இருந்த இடத்தில் பரம்படித்த மாதிரி தரை சமமாகக் கிடந்தது. சொர்ணக்கிளிக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. உப்போடைப்பட்டியில் கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருள் கைமாறிப் போவது புதுசா என்ன, இதுவாவது பட்டப்பகலில் சொல்லிக்கொண்டு போகிறதே என்று நினைத்துக்கொண்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிப் பின்னாலேயே நடந்தாள்.

குட்டை வந்த கதையைச் சொல்லாமல் போன கதையைச் சொன்னால் விளங்காது. மண்ணையும் மழைத்தண்ணீரையும் காப்பாற்றுகிற சம்சாரிக்கு, அதாவது வெள்ளாமை செய்கிறவனுக்கு, மானியம் என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. உன் நிலத்தில் ஒரு குட்டை வெட்டு, மழைத்தண்ணி தேங்கும், மண் அரித்துக்கொண்டு போகாது, வெட்டி முடித்ததும் கரையில் பெயர்ப்பலகையை நட்டு, பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடு, பணம் உன் கணக்குக்கு வந்துவிடும், அவ்வளவுதான் திட்டம். இதைக் கேட்ட உப்போடைப்பட்டி சம்சாரிகள் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, போட்டோவைப் பற்றித்தான் பேசினார்கள். மானியம் வேண்டுமென்றால் குட்டை வெட்டித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தது அந்த ஊரிலேயே சொர்ணக்கிளி ஒருத்திதான். அதற்கு அவளுக்குக் கிறுக்கச்சி என்று பட்டம்.

கிறுக்கு இல்லை, பயம். வருஷக்கணக்காகக் கரிமூட்டத்தில் வேலை பார்த்தவள் அவள். கருவேலங்கட்டையை அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளே தீயை விட்டு, அந்தப் புகையிலேயே நின்று நின்று நெஞ்சு கரிந்துபோய், இருமினால் கறுப்பாகத் துப்பினாள். இனி புகைப்பக்கம் போனால் ஆள் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது அவளுடைய அப்பன் கொடுத்த அந்தத் துண்டு நிலம், அதில் குண்டு மிளகாய். ஐப்பசி மழைக்கு முளைக்கும், தையில் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது தண்ணீர் இல்லாமல் காயும், அது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. தையில் குடம் குடமாக ஊற்றக் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் அவள் சம்சாரி, இல்லாவிட்டால் மறுபடி கரிமூட்டம். அதனால் தன் ஆடுகளை விற்று ஜேசிபிக்காரனுக்கு வாடகை கொடுத்தாள், குட்டை வெட்டினாள், மழை நிரப்பியது, மானியம் வந்ததும் ஆடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

ஓவர்சியர் தனுஷ்கோடி பலகையைக் கொண்டுவந்தார். பலகைக்கென்று அரசாங்கம் கொடுத்த காசு எந்த வழியாகப் போனதோ, அவர் கொண்டுவந்தது யார் வீட்டிலோ கழற்றிப் போட்ட பழைய கதவுப் பலகை, மேலே வெள்ளையடித்து, 'பயனாளி' என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டிருந்தது. சொர்ணக்கிளி குளித்து, உள்ளதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு கரையில் வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்து பிரசிடெண்ட் மலைக்கண்ணு புல்லட்டில் வந்து இறங்கினார். அவருடைய நிலத்தில் குட்டை வெட்ட இடமில்லை, முழுக்கச் சூரிய மின்சாரத் தகடு போட வாடகைக்கு விட்டிருந்தார்.

"மச்சான், முதல்ல எம் பேரை எழுதி ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்றார், சொர்ணக்கிளியின் புருஷன் வெள்ளைப்பாண்டியைப் பார்த்து.

வெள்ளைப்பாண்டி எப்படிப்பட்ட ஆள் என்றால், கோவணத்தைக் கேட்டாலும் கொஞ்சம் திரும்பி நின்று அவிழ்த்துக் கொடுக்கிற ஆள், கேட்கிறவன் வேட்டி வெளுப்பாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். "அதுக்கென்ன மச்சான், தாராளமா" என்றான்.

"அப்ப எங்களுக்குப் போட்டோ, அண்ணே?" என்று கேட்டாள் சொர்ணக்கிளி.

"உனக்கென்ன தங்கச்சி அவசரம்? உன் குட்டை எங்க ஓடியா போயிரப் போகுது?"

ஓவர்சியரும் சிரித்தார். "நெசமாவே இருக்கிற குட்டைக்கு எதுக்குத் தாயி அவசரமாப் போட்டோ? இல்லாதவங்களுக்குத்தான் முதல்ல எடுக்கணும்."

எடுத்தார்கள். பிரசிடெண்ட் பெயரை எழுதி எடுத்தார்கள், அதன் மேல் சுண்ணாம்பைத் தடவி அவர் பங்காளி பெயரை எழுதி எடுத்தார்கள், அதையும் தடவிக் கொழுந்தியாள் பெயரை எழுதி எடுத்தார்கள். மறுநாளும் வந்தார்கள், அடுத்த வாரமும் வந்தார்கள், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானைச் சரிபண்ணிக்கொண்டு, தங்கள் வியர்வையில் வெட்டிய மாதிரி மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊர் முழுக்க அந்த ஒரே கரையில் நின்றது. நின்றவர்களுக்கெல்லாம் சொர்ணக்கிளிதான் டீ போட்டுக் கொடுத்தாள், முதலில் கொஞ்சம் பெருமையோடுகூட. அவள் முறை மட்டும் வரவில்லை. கடைசியில், இந்த வருஷத்துக்குத் திட்டம் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பார்க்கலாம் தாயி என்று ஓவர்சியர் சொல்லிவிட்டுப் போனார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதைதான்.

பலகை மட்டும் கரையிலேயே நின்றது. குட்டை அதையே பார்த்துக்கொண்டு கிடந்தது. புதுசாகப் பிறந்த குட்டை, சூதுவாது தெரியாது, இன்னார் பிள்ளை நீ என்று யார் சொன்னாலும் நம்புகிற பச்சைப்பிள்ளை மாதிரிதான், நாளுக்கொரு பெயரைக் காட்டி இது உன் சொந்தக்காரன் என்றால் அது வேறென்ன செய்யும்? மொத்தத்தையும் நம்பிவிட்டது. நம்பி, தையில் ஒருநாள், எழுதின வரிசையிலேயே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பிவிட்டது.

முதலில் போன இடம் பிரசிடெண்ட் நிலம். தகடுகளுக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டது. ஊர் பதறியது, குட்டை நடந்ததற்காக இல்லை, மேலிடத்திலிருந்து தணிக்கைதான் இப்படி ஒரு வேஷத்தில் வந்துவிட்டதோ என்று. அன்று பூராவும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். மறுநாள் குட்டை பங்காளி நிலத்துக்குப் போய், அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, தண்ணீர்தான் லாபம் என்று தெரிந்ததும், அது என்னமோ ஆதிகாலத்திலிருந்து நடக்கிற வழக்கம் மாதிரி எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "இன்னிக்கு எங்க வீட்டுக்குக் குட்டை வருது" என்று சொல்லி வாசல் தெளித்தார்கள், மாப்பிள்ளையைக் கறிச்சோற்றுக்குக் கூப்பிட்டார்கள். டீக்கடைக்காரர் அடுப்பை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு குட்டை போகிற இடத்துக்கெல்லாம் போனார். பூசாரி அதற்கு ஒரு மாலை போட்டார், தட்டு வைத்தார், தட்டில் விழுந்ததை எடுத்துக்கொண்டார். குட்டை ஏன் நடக்கிறது என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு கேள்வி வரவில்லை, அடுத்து யார் முறை என்பதுதான் பேச்சு.

நிலமே இல்லாத ஒருவர் வீட்டு மனையின் பட்டாவைக் காட்டி மானியம் வாங்கியிருந்தார், குட்டை கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது, அவர் குடும்பத்தோடு மாடியில் ஏறிக்கொண்டு, தண்ணி வந்தா வந்ததுதானே, செல்வம் என்றார். பலகையில் பெயர் ஏறின மாசிலாமணி செத்து வருஷம் ஆகியிருந்தது, அவர் பெயரில் கைநாட்டு வைத்து வாங்கியது மகன், ஆனால் குட்டைக்கு அது தெரியாதல்லவா, நேரே சுடுகாட்டுக்குப் போய் மாசிலாமணியைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க அசையாமல் இருந்துவிட்டு வந்தது. உயிரோடு இருக்கும்போது ஒரு வாய்த் தண்ணி கொடுக்காத மகன், அப்பாவைத் தேடித் தண்ணி வந்திருக்கு பாருங்க என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஓவர்சியர் தன் மாமியார் பெயரையும் ஒருநாள் சேர்த்து எழுதியிருந்தார், அந்த அம்மாவுக்கு இருந்தது டவுனில் ஒரு வீடு மட்டும். குட்டை தார்ரோட்டில் ஏறி டவுன் வரைக்கும் போனது, பின்னால் வந்த மினிபஸ் டிரைவர் ஹாரனை அமுக்கி அமுக்கிப் பார்த்து ஓய்ந்துபோனார். கண்டக்டர் மட்டும், டிக்கெட் எடுக்காம ரோட்ல நடக்கிறதுக்கு அதுக்கு உரிமை இருக்குப்பா, விடு என்றார்.

சொர்ணக்கிளி எல்லா இடத்துக்கும் குடத்தோடு போனாள். ஒரு குடம் மோந்து, மூன்று காடு தாண்டி வந்து ஊற்றி, திரும்பப் போய், திரும்ப வந்து, கால் வீங்கியது, பாதிச் செடி தலை தொங்கிப்போனது. மோக்க விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. "இன்னிக்கு எங்க முறை மதினி, நாளைக்கு வாங்க" என்றார்கள், நாளைக்குப் போனால் நாளைக்காரர்கள் அதையே சொன்னார்கள். அவள் போட்ட டீயைக் குடித்தவர்கள்தான் எல்லோரும்.

"உன் முறை வராமயா போயிரும்?" என்றான் வெள்ளைப்பாண்டி.

"எப்படி வரும்? எம் பேரு அந்தப் பலகையில ஏறவே இல்லையே."

வெள்ளைப்பாண்டி, ஆமா என்றான். அந்த ஆமாவைக் கேட்டபோதுதான் சொர்ணக்கிளிக்கு முதல் முறையாக அழுகை வந்தது. தன் ஆட்டை விற்று, தன் நிலத்தில் வெட்டின தண்ணீருக்குத் தான் யாரோ. ராத்திரி இருமியபோது கரிமூட்டத்து வாடை தொண்டைக்கு ஏறி வந்த மாதிரி இருந்தது.

பலகையில் புதுசாக ஒரு பெயரை எழுதினால் குட்டை வரிசையை விட்டுவிட்டு அங்கேதான் ஓடுகிறது என்பதைப் பிரசிடெண்ட் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் பலகையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார், ஊர் நன்மைக்காக. நல்ல சமயத்தில்தான் எடுத்தார், ஏனென்றால் மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி மானியக் குட்டைகளைப் பார்வையிட வருவதாகச் சேதி வந்தது. வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள். உப்போடைப்பட்டிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அதிகாரி வந்த அன்று காலையிலிருந்து வேலை சுறுசுறுப்பாக நடந்தது. ஜீப் ஒரு நிலத்தை விட்டுக் கிளம்பும், ஓவர்சியர் பலகையில் சுண்ணாம்பைத் தடவி அடுத்த பெயரை எழுதுவார், குட்டை அடித்துப் பிடித்துக்கொண்டு குறுக்குவழியில் ஓடும், ஜீப் ரோட்டைச் சுற்றிப் போய்ச் சேரும்போது அங்கே அலை அடங்காமல் கிடக்கும். அதிகாரி இறங்கிப் பார்ப்பார், கறுப்புக்கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார். "எல்லாக் குட்டையும் ஒரே அளவு, ஒரே ஆழம், தவளை கூட ஒரே மாதிரி. இந்த மாதிரி தரத்தை நான் வேற எங்கயும் பார்த்ததில்லை" என்றார். மாநிலத்துக்கே முன்மாதிரி என்று எழுதப்போவதாகச் சொன்னார். எழுதட்டும், எழுதுகிறவருக்கும் கண் இருந்தது, எழுதச் சொன்னவர்களுக்கும் கண் இருந்தது, குட்டைக்குத்தான் நாக்கு தள்ளியது.

மத்தியானம் பிரசிடெண்ட் நிலத்து ஓரத்தில் வேப்பமரத்தடியில் பிரியாணி. குட்டை தகட்டுக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. பலகையை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் இலைக்குக் குனிந்துவிட்டார்கள், எலும்பைக் கடிக்கிற நேரத்தில் அந்த ஊரில் எவனும் நிமிர்ந்து பார்க்கமாட்டான். சொர்ணக்கிளி குடத்தோடு வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. பலகைக்கு முன்னால் நின்றாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, பிரசிடெண்ட் பெயரை அழித்தாள், சுண்ணாம்பு இளகி அதற்கடியில் இருந்த பெயர்களும் வரிசையாக வந்தன, மாசிலாமணி வரைக்கும் வந்தார், அத்தனையையும் மரம் தெரிகிற வரைக்கும் தேய்த்து அழித்தாள். பிரியாணி அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தாள். கரியைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும். மானியம் வாங்க பேங்கில் கையெழுத்து வேண்டும் என்று சொன்னதால் எழுதப் பழகின ஒரே வார்த்தையை, தன் பெயரை, கோணல்மாணலாக எழுதினாள்.

பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், காட்டுவழியே வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னால் சளக் சளக் என்று கேட்டது. அவள் நடக்க அது நடந்தது, அவள் நிற்க அது நின்றது, அவள் நிலத்து வரப்பில் ஏறி இறங்கினதும் அது பழைய இடத்தில் வந்து, நாலு கரையையும் பொருத்திக்கொண்டு, பெருமூச்சு மாதிரி ஒரு கொப்புளம் விட்டுப் படுத்துக்கொண்டது. புல் இருந்தது, தவளை இருந்தது, செம்பை மட்டும் வழியில் எவனோ எடுத்துவிட்டிருந்தான்.

வெள்ளைப்பாண்டி இரைக்க இரைக்க ஓடிவந்தான். அவன் சொன்னதைக் கேளுங்கள்: "ஏ புள்ள, அதிகாரி வர்றாரு. உம் பேரு பலகையில இருக்கிறப்பவே ஒரு போட்டோ எடுத்திருவோம், மானியம் வந்திரும், ஆடு வாங்கிரலாம். எடுத்து முடிச்சதும் பலகையைக் குடுத்திருவோம், மச்சான் கேட்டு விட்டிருக்காரு. இன்னும் ரெண்டு இடம் காட்டவேண்டியிருக்காம்."

சொர்ணக்கிளி அவனையும் பார்த்தாள், பலகையையும் பார்த்தாள். போட்டோ எடுத்தால் ஆடு வரும். அது அவளுக்குத் தெரியும், அந்த ஆடுகளை அவள் பேர் சொல்லி வளர்த்தவள். ஆனால் பலகை இருக்கிற வரைக்கும் அதில் சுண்ணாம்பு தடவ ஒரு கை இருக்கும், அந்தக் கைக்குப் பலகையை எடுத்துக் கொடுக்கத் தன் வீட்டிலேயே ஒரு கை இருக்கிறது என்பதும் தெரியும். அடுப்படிக்குப் போனாள், அரிவாளால் பலகையைப் பிளந்தாள், காய்ந்த கதவுக்கட்டை குபீரென்று பற்றிக்கொண்டது. புகை நெஞ்சுக்குள் போனது, இருமிக்கொண்டே டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

ஜீப் வந்தது. அதிகாரி, ஓவர்சியர், பிரசிடெண்ட் எல்லோரும் பிரியாணிக் கையோடு இறங்கினார்கள், அங்கே கை கழுவ இருந்த குட்டைதான் கிளம்பி வந்துவிட்டதே. நேரே கரையில் குனிந்து கையைக் கழுவினார்கள், வாய் கொப்பளித்தார்கள். சொர்ணக்கிளி டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"டீ நல்லா இருக்கும்மா" என்றார் அதிகாரி. "இந்தக் குட்டைக்குப் பலகை எங்க?"

"அடுப்புல எரியுது சார். நீங்க குடிக்கிற டீ அதுல கொதிச்சதுதான்."

பிரசிடெண்டுக்குப் புரை ஏறியது. ஓவர்சியர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி குட்டையை ஒரு சுற்றுப் பார்த்தார், தன் ஈரக் கையையும் பார்த்தார். "பலகை இல்லாம இதை எப்படிம்மா நான் குட்டைன்னு எழுதுறது?"

"எழுதாதீங்க. எழுதின வரைக்கும் போதும்."

"மானியம் வராது."

"வரவேண்டாம்."

கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த நிலத்தில் குட்டை எதுவும் இல்லை என்று அதிகாரி எழுதினார். காலையில் பார்த்த நிலங்களில் இருப்பதாக ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. ஜீப் போனதும் வெள்ளைப்பாண்டி ஆட்டை நினைத்துக் குந்தி உட்கார்ந்து அழுதான், அழட்டும் என்று அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நம்புவதற்கு ஒரு பலகையும் இல்லாத குட்டை அதற்கப்புறம் ஓர் அங்குலம் நகரவில்லை. பாதிச் செடி போனது போனதுதான், மிச்சப் பாதி மாசியில் சிவப்புச் சிவப்பாகக் காய்த்தது, சொர்ணக்கிளி கரிமூட்டத்துப் பக்கம் போகவில்லை.

சித்திரையில் ஊருக்கு ஒரு பாராட்டுக் கேடயம் வந்தது, தண்ணீரைக் காப்பாற்றியதற்கு. அதை வாங்கிக்கொண்டு டவுனிலிருந்து திரும்பிய பிரசிடெண்ட் வீட்டில் குழாயில் காற்றுத்தான் வந்தது. ஊரில் எங்கும் சொட்டுத் தண்ணீர் இல்லை. கேடயத்தை உள்ளே வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு, வெயிலில், செருப்பும் போடாமல், சொர்ணக்கிளியின் வரப்பில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பங்காளியும், மாசிலாமணி மகனும், துண்டைத் தோளில் போட்ட மற்ற பயனாளிகளும் ஆளுக்கொரு குடத்தோடு நின்றார்கள்.

"தங்கச்சி, குட்டையில ஒரு குடம் மோந்துக்கிறேனே" என்றார்.

சொர்ணக்கிளி இடுப்பளவு தண்ணீரில் நின்று மிளகாய்ச் சாக்கை அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"இங்க ஏதுண்ணே குட்டை?" என்றாள். "அதான் சர்க்காரே பாத்து எழுதிட்டுப் போயிருக்கே. உங்க நிலத்துலதான் ஒண்ணு இருக்காமே, அங்க போயி மோந்துக்குங்க."

சொல்லிவிட்டுச் சாக்கைப் பிழிந்தாள்.